புல எண்ணும் ஊர்ப்பெயரும்: இணைய நிலவரைபட வரலாற்றில் நெய்க்காரப்பட்டி

ஆய்வுச் சுருக்கம்

நிலத்தை அளந்து பதிவுசெய்யும் தமிழக மரபு சொல்லில் தொடங்கி, கோட்டுப்படமாக வளர்ந்து, இன்று இணையத்தில் தரவாக நிற்கிறது. இம்மாற்றத்தில் இடத்தைச் சுட்டும் துல்லியம் பன்மடங்கு உயர்ந்துள்ளது; இடத்தின் பெயரைச் சுட்டும் துல்லியம் அவ்வாறு உயரவில்லை. திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தைச் சேர்ந்த நெய்க்காரப்பட்டியைச் சான்றாகக் கொண்டு, இணைய நிலவரைபடங்களின் வரலாற்றையும் அவற்றில் ஊர்ப்பெயர் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இணைய நிலவரைபடம், புவியியல் தகவல் அமைப்பு, புலப்படம், ஊர்ப்பெயராய்வு, ஒருங்குறி, எழுத்துப்பெயர்ப்பு.

முன்னுரை

பழனிக்கு மேற்கே, உடுமலைப்பேட்டை செல்லும் திசையில் அமைந்த பேரூர் நெய்க்காரப்பட்டி. திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக இருந்து, பின்னர் ஜமீனாக விளங்கிய வரலாறு இதற்கு உண்டு. 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் புதிய மாவட்டத்தின் பகுதியாயிற்று.

இவ்வூரில் நிலம் வாங்க விரும்பும் ஒருவர் இன்று இரு வகையான இணையப் பதிவுகளைப் பார்க்க இயலும். ஒன்று, தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைத் தந்து பெறும் பட்டாவும் புலப்படமும். மற்றொன்று, செயற்கைக்கோள் படத்தின்மீது சாலைகளும் ஊர்களும் குறிக்கப்பட்ட உலகளாவிய நிலவரைபடம். முன்னதில் பெயரும் உரிமையும் தமிழில் உள்ளன. ஆயின் அந்தப் புலப்படம் உலக உருண்டையில் எங்கு உள்ளது என்பதைத் தானே கூறுவதில்லை. பின்னது இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு வழியாகத் துல்லியமாகக் காட்டுகிறது. ஆயின் அங்குள்ள பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியே வந்து சேர்ந்தது. இவ்விரு பதிவுகளும் வெவ்வேறு வரலாறுகளின் விளைவு. அவ்வரலாறுகள் எங்கு பிரிந்தன, எங்கு இணையத் தொடங்கியுள்ளன என்பதை அறிந்தாலன்றி, இணைய வரைபடத்தில் தமிழ் ஊர்ப்பெயரின் நிலையை விளங்கிக்கொள்ள இயலாது.

1. சொல்லால் வரையப்பட்ட எல்லை

வரைபடம் இன்றியே எல்லையை உறுதிசெய்யும் முறை தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியது. சோழர் காலச் செப்பேடுகள் கொடைநிலத்தின் எல்லைகளைச் சொற்களால் விரித்துரைக்கின்றன. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறும் செப்பேடுகள் நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பாதுகாக்கப்பட்டுவந்தன. பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளமிடும் வழக்கத்தை இத்தகைய ஆவணங்கள் வழி அறியலாம். வாய்க்கால், ஏரிக்கரை, வழி, அடுத்த ஊரின் நிலம் ஆகியவை திசை முறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சுட்டி வரிசைப்படுத்தப்படும்.

இம்முறையில் பெயரே அளவை. வாய்க்காலின் பெயர் மாறினால் எல்லையே ஐயத்திற்குரியதாகிவிடும். அப்பெயர்களைத் துணையாகக் கொண்டே பழைய நாட்டுப் பிரிவுகளை இன்றைய வரைபடத்தில் மீட்டெடுக்க முடிந்தது. 1973இல் வெளிவந்த எ. சுப்பராயலுவின் சோழநாட்டு அரசியல் புவியியல் பற்றிய ஆய்வு, கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்ப்பெயர்களோடு பொருத்தி, நாடுகளின் பரப்பை வரைபடமாக்கியது. ஊர்ப்பெயர் சிதையாமல் நின்ற இடங்களில் இப்பணி எளிதாயிற்று. சிதைந்த இடங்களில் கடினமாயிற்று. எழுத்து மாறாத ஊர்ப்பெயர் ஒரு வரலாற்றுச் சான்று என்பதற்கு இதுவே போதிய விளக்கம்.

2. முக்கோணமும் சங்கிலியும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அளவையின் அடிப்படை மாறியது. 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளி இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் முன்னோடியாகும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஓர் அடிக்கோட்டின் நீளமும் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால், தொலைவிலுள்ள மூன்றாம் புள்ளியை அங்குச் செல்லாமலே கணக்கிடலாம் என்பதே முக்கோண அளவையின் நெறி. முக்கோணங்களைத் தொடராக அடுக்கிச் செல்லும் இப்பணி 1818 முதல் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. 1821இல் பி. எஸ். வார்டு பழனிமலைப் பகுதியை அளந்தார்.

இவ்வளவை உலக உருண்டையில் ஓரிடத்தைப் பொருத்துவதற்கானது. குடியானவரின் வயலை அளந்தது பிறிதோர் அளவை. வரி விதிப்பதற்காக நடந்த வருவாய் அளவையில் ஒவ்வொரு கிராமமும் புலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புலத்திற்கும் எண் இடப்பட்டது. புலத்தின் குறுக்கே அடிக்கோடுகள் இட்டு முக்கோணங்களாகப் பகுத்து, அக்கோடுகளிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்துத் தொலைவுகள் அளக்கப்பட்டன. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியே கருவி. இவ்வளவுகள் அனைத்தும் குறிக்கப்பட்ட தாளே புலப்படம். புலத்தின் மூலைகளில் நடப்பட்ட அளவைக்கல் அதற்குரிய சான்று.

புலப்படத்தின் இயல்பு கவனிக்கத்தக்கது. ஒரு வயலின் வடிவத்தையும் அளவையும் அது மிக நுட்பமாகக் கூறும். ஆயின் அகலாங்கும் நெட்டாங்கும் அதில் இல்லை. அளவைக்கல் பெயர்க்கப்பட்டுவிட்டால், அண்டைப் புலங்களின் கற்களிலிருந்து அளந்துவந்தே அவ்விடத்தை மீட்க வேண்டும்.

ஜமீன் பகுதிகளின் நிலை மேலும் வேறுபட்டது. அங்கு அரசுக்கும் குடியானவருக்கும் இடையே ஜமீன்தார் இருந்தமையால், இரயத்துவாரிக் கிராமங்களின் ஏற்பாடு அவ்வண்ணமே பொருந்தவில்லை. 1948ஆம் ஆண்டுச் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம், அரசு ஏற்ற ஜமீன் நிலங்களை அளந்து இரயத்துவாரி முறைக்கு மாற்ற வழிசெய்தது. எனவே நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் இன்று இணையத்தில் காணப்படும் புல எண்ணுக்குப் பின்னால் ஒரு நில உரிமை மாற்றத்தின் வரலாறும் உள்ளது.

வருவாய் அளவை விட்டுச்சென்ற வெற்றிடம் ஒன்றும் உண்டு. வரி செலுத்தும் நிலமே அளவையின் இலக்கு. மக்கள் குடியிருந்த நத்தம் வரிக்கு உட்படாமையால், உட்பிரிவுகள் இன்றி மொத்தமாகவே விடப்பட்டது. வயலின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த புலப்படம் வீட்டின் சுவரை அறியாதிருந்தது. பின்னாளில் நத்தம் நிலவரித் திட்டத்தின்கீழ்தான் மனைகள் தனித்தனியே அளக்கப்பட்டன. எந்த வரைபடமும் தன் நோக்கம் எதுவோ அதையே காணும் என்பதை இது உணர்த்துகிறது. இவ்வுண்மை இணைய வரைபடத்திற்கும் பொருந்தும்.

3. கணினியில் நிலம்

1960களில் கனடா அரசுக்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய அமைப்பு, புவியியல் தகவல் அமைப்புகளின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. காகித வரைபடத்தில் ஆறு, சாலை, மண்வகை ஆகிய யாவும் ஒரே தாளில் கலந்திருக்கும். கணினியில் இவை தனித்தனி அடுக்குகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொருளும் புள்ளி, கோடு, பரப்பு என்னும் மூன்று வடிவங்களுள் ஒன்றைப் பெறுகிறது. அதனோடு அட்டவணை ஒன்று இணைக்கப்படுகிறது. அவ்வட்டவணையின் ஒரு கட்டத்தில்தான் பெயர் இடம்பெறும். செப்பேட்டில் எல்லையைத் தாங்கி நின்ற பெயர், இங்கு ஒரு பண்புக்கூறாக ஒதுங்குகிறது.

இந்தியாவில் 1982இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை இயற்கை வளத் தரவு மேலாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. 1988 மார்ச் 17இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இத்துறையில் பயிற்சியளித்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியக் கிராமங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவோடு இணைத்துப் புவியியல் தகவல் அமைப்பை உருவாக்கியது. தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்புப் பணியும் அங்கு நடைபெற்றது. இவற்றால் ஊர் என்பது கணினியில் ஒரு புள்ளியாகவும் ஒரு குறியெண்ணாகவும் நிலைபெற்றது.

4. இணையத்திற்கு வந்த வரைபடம்

1993இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டீவ் புட்ஸ் உருவாக்கிய வரைபடக் காட்டியே உலகளாவிய வலையில் இயங்கிய தொடக்ககால ஊடாட்ட வரைபடம். பயனர் ஓரிடத்தைச் சொடுக்கினால், வழங்கிக் கணினி புதிய படத்தை வரைந்து அனுப்பும். 1996இல் மேப்குவெஸ்ட் முகவரியையும் வழியையும் தேடும் வசதியைப் பொதுமக்களுக்கு அளித்தது. 2000இல் திறந்த புவியிடக் கூட்டமைப்பு, வெவ்வேறு வழங்கிகளின் வரைபடங்களை ஒன்றன்மீது ஒன்றாகக் காட்டுவதற்கான பொதுநெறியை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் குறிகையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்கியது. கையடக்கக் கருவியால் ஓரிடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் அறிய இதனால் வழி திறந்தது.

2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பொதுமக்கள் தாமே தொகுக்கும் வரைபடமாக வளர்ந்தது. 2005இல் கூகுள் மேப்ஸும் கூகுள் எர்த்தும் வெளிவந்தன. கூகுள் மேப்ஸ் பரவலாக்கிய முறையில், உலகப் படம் முன்னதாகவே சிறு சதுரத் துண்டுகளாக வரைந்து வைக்கப்படுகிறது. ஒருநிலை நெருங்கும்போது ஒவ்வொரு துண்டும் நான்காகப் பிரியும். ஒரே துண்டில் அடங்கிய உலகம் பத்தாம் நிலையில் 10,48,576 துண்டுகளாகிறது. பயனர் பார்க்கும் சில துண்டுகள் மட்டுமே அனுப்பப்படுவதால் காத்திருப்பு குறைந்தது.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்கெனவும் பொதுப் பயன்பாட்டுக்கெனவும் இரு தொடர் வரைபடங்களை வகுத்தது. 2009 ஆகஸ்டில் இஸ்ரோ புவன் தளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரி 15இல் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் முன்அனுமதியின்றி வரைபடத் தரவு திரட்டவும் வெளியிடவும் வழிவிட்டன. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை அறிவிக்கப்பட்டது.

5. இரு மரபுகளின் சந்திப்பு

மேற்கூறிய உலகளாவிய மரபு முக்கோண அளவையின் வழித்தோன்றல். புலப்பட மரபு வேறு பாதையில் கணினியை அடைந்தது. தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் பட்டாக்களைப் புதுப்பித்து, பரப்பை ஹெக்டேர் அளவில் பதிவுசெய்தது. 2008இல் மத்திய அரசு அறிவித்த நிலப்பதிவு நவீனமயத் திட்டம் கணினிமயமாக்கலுக்கு ஊக்கமளித்தது. தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள், புலப்படத்தின் அடிக்கோட்டு அளவுகளையும் செங்குத்துத் தொலைவுகளையும் எண்களாகப் பெற்று, வடிவத்தைத் திரையில் மீள வரைந்தது. நில அளவர் சங்கிலியால் அளந்த அதே எண்களே இங்கு உள்ளீடு.

இவ்விரு மரபுகளையும் பொருத்தும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அமர்த்த, இரண்டிலும் காணக்கூடிய பொதுப்புள்ளிகள் வேண்டும். வரப்புச் சந்திப்பும் கிணறும் அளவைக்கல்லும் அத்தகையன. கல் மறைந்து வரப்பு இடம் மாறியிருப்பின் பிழை நேரும். பழைய நில அளவைத் துறை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ் கருவி 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை நெறியைப் பின்பற்றுவது. கணக்கிட்டு மாற்றாமல் ஒன்றன்மீது ஒன்று வைத்தால் இடம் பிறழும். தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் தளம் இன்று செயற்கைக்கோள் படத்தின்மீது புல எல்லைகளைக் காட்டுகிறது. இரு நூற்றாண்டுகளாகத் தனித்து நடந்த இரு அளவைகள் ஒரே திரையில் சந்திப்பது இங்குத்தான். எனினும் இத்தகைய காட்சி வழிகாட்டி மட்டுமே. வரப்புத் தகராற்றில் தீர்வு தருவது புலப்பட அளவும் நேரடி அளவையுமே ஆகும்.

6. நெய்க்காரப்பட்டி என்னும் பெயர்

இடம் பொருந்திய பின்னும் பெயர் பொருந்துவதில்லை. இப்பெயர் நெய் + காரர் + பட்டி எனப் பகுக்கத்தக்கது. பட்டி என்பது ஆநிரை அடைக்குமிடத்தையும் சிற்றூரையும் குறிக்கும் சொல். நெய் வணிகத்தோடும் கால்நடை வளர்ப்போடும் தொடர்புடைய குடியிருப்பைப் பெயரின் அமைப்பு சுட்டுகிறது. க், ப் ஆகிய ஒற்றுகள் மிக்கு வருதல் இச்சொற்களின் புணர்ச்சியைக் காட்டும் அடையாளம்.

முதற்சிக்கல் கணினியில் எழுத்தைக் குறியாக்கம் செய்வது பற்றியது. தமிழ் இலக்கண நெறியில் இப்பெயர் 9 எழுத்துகள் கொண்டது. ஒருங்குறியில் உயிர்மெய்யும் புள்ளியும் பிரித்துக் குறிக்கப்படுவதால் இது 16 குறியீடுகளாகிறது. முதலெழுத்தாகிய 'நெ' சேமிப்பில் நகரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாக இருக்கும். திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். இவ்வரிசை மாற்றத்தை அறியாத வரைபட மென்பொருள் கொம்பைப் பின்னால் இட்டு, பெயரைப் படிக்க இயலாததாக்கும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறி தரும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட்டு நெறியையும் ஏற்றது. உலகளாவிய வரைபடங்கள் ஒருங்குறியையே பின்பற்றுகின்றன.

இரண்டாம் சிக்கல் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு. யகர ஒற்றை ஐ அல்லது ஒய் என்னும் ஆங்கில எழுத்தால் எழுதலாம். நெடில் ஆகாரத்தை ஓரெழுத்தாலோ ஈரெழுத்தாலோ எழுதலாம். க்க, ப்ப, ட்ட ஆகியவற்றை ஒற்றையாகவோ இரட்டையாகவோ எழுதலாம். ஐந்து இடங்களில் இவ்விரு தெரிவுகள் இருப்பின் 32 வடிவங்கள் கிடைக்கும். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடுவது. ஆதலின் ஓர் அலுவலகத்தின் அட்டவணையும் மற்றோர் அலுவலகத்தின் அட்டவணையும் ஒரே ஊரை இரு வேறு ஊர்களாகக் கொள்ளக்கூடும். மாறாக, வேறு வேறான இரு ஊர்கள் ஒன்றாகவும் கொள்ளப்படலாம். சேலம் மாவட்டத்திலும் நெய்க்காரப்பட்டி என ஓர் ஊர் உண்டு.

மூன்றாம் சிக்கல் மீள்பெயர்ப்பு. 2021 ஜனவரியில் கூகுள் நிறுவனம், ஆங்கில எழுத்தில் உள்ள இடப்பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளின் எழுத்தில் தானியங்கியாகத் தரும் வசதியை அறிவித்தது. ஆங்கிலம் அறியாதவருக்கு இது பெரிதும் பயன்படும். ஆயினும் ஆங்கில எழுத்து டகரத்தையும் தகரத்தையும், குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தாது. பட்டி, பத்தி, பாட்டி, பாத்தி ஆகிய நான்கும் ஒரே ஆங்கில வடிவில் அடங்கிவிடும். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வரும் பெயர், தன் புணர்ச்சியையும் பொருளையும் வழியில் இழக்கும் வாய்ப்பு மிகுதி. பிறந்த எழுத்திலேயே பெயர் கிடைக்கும்போது, இச்சுற்றுப்பயணம் தேவையற்றது.

இச்சிக்கலைத் தீர்க்க அரசு முயன்றதும் உண்டு. 2020 ஜூன் மாதம் வெளியான அரசாணை, தமிழகத்தின் 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும் முறையை அறிவித்தது. டகர ஒலியில் தொடங்கும் திண்டுக்கல்லின் ஆங்கில வடிவம் தகர ஒலியில் தொடங்குமாறு மாற்றப்பட்டதும் அவற்றுள் அடங்கும். எழுத்துக்கூட்டல் குறித்த விமர்சனங்கள் எழ, சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியியல் நெறி ஒன்றை முதலில் வகுத்து, அதன்படி எல்லாப் பெயர்களையும் அமைப்பதே நிலைத்த தீர்வு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

7. பெயரின் பரப்பும் பெயரற்ற இடங்களும்

பொது வரைபடத்தில் ஊர் ஒரு புள்ளி. நடைமுறையில் ஓர் ஊர்ப்பெயர் பேரூராட்சியையும் வருவாய்க் கிராமத்தையும் அஞ்சலகத்தையும் ஒருசேரச் சுட்டும். இவற்றின் எல்லைகள் ஒன்றல்ல. குறியெண்கள் இக்குழப்பத்தைக் குறைக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்களுக்கும், நிலத்துண்டுகளுக்கான 14 இலக்கத் தனித்த அடையாளத் திட்டத்தில் மனைகளுக்கும் எண் வழங்கப்படுகிறது. எண் கணினிக்குப் போதும். மனிதர் தேடுவதும் சொல்வதும் பெயரையே.

மேலும், புல எண்ணும் குறியெண்ணும் பெறாத இடங்கள் பல. வயல்களின் வழக்குப்பெயர், வாய்க்கால் மடைகள், சிறுதெய்வக் கோயில்கள், குக்கிராமங்கள் ஆகியவை ஊரார் வாய்மொழியில் மட்டும் வாழ்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே இடத்திற்கு மொழிதோறும் தனிப்பெயர் பதிவுசெய்யலாம். தமிழுக்கெனத் தனிக்கட்டம் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்தனர். அந்நாளில் தெருப்பெயரின் சரியான வடிவம் மீட்புக்குத் தேவையான தகவலாயிற்று. மக்கள் தாமே பதிவுசெய்ய இயலும் என்பதற்கு அது சான்று. அவசர ஊர்தியை அழைப்பவர் கூறும் பெயரும் ஓட்டுநரின் திரையிலுள்ள பெயரும் ஒன்றாதல் சிற்றூருக்கும் இன்றியமையாதது.

முடிவுரை

செப்பேட்டில் எல்லையைப் பெயர் தாங்கியது. புலப்படத்தில் எண் தாங்கியது. இணைய வரைபடத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் தாங்குகின்றன. இவ்வளர்ச்சியில் இடம் துல்லியமாயிற்று. பெயரோ, அட்டவணையின் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் வேற்று எழுத்தில், பல வடிவங்களில் நிற்கிறது. வருவாய்ப் பதிவுகளில் தமிழ் வடிவம் ஏற்கெனவே உள்ளது. அதனை மூலமாகக் கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப்பெயர், ஒரே நெறியிலான ஆங்கில வடிவம், வழக்கிலுள்ள பிற வடிவங்கள், குறியெண் ஆகியவற்றை இணைத்த திறந்த பெயரடைவு உருவாக வேண்டும்.

அளவையைப் பொறியாளர் செய்வர். பெயரின் சரியான வடிவத்தை உறுதிசெய்வது மொழியறிந்தோர் கடன். ஊர்ப்பெயராய்வில் நெடிய மரபுடைய தமிழ்த்துறைகள், வட்டந்தோறும் மாணவரைக் கொண்டு வாய்மொழிப் பெயர்களைத் திரட்டி வரைபடத்தில் சேர்ப்பது இன்றே தொடங்கத்தக்க பணி. வாய்க்காலின் பெயரறிந்த முதியோர் இருக்கும்போதே அப்பணி நிகழ்தல் வேண்டும். பெயர்த்தெடுக்கப்பட்ட அளவைக்கல்லை அண்டைப் புலத்திலிருந்து அளந்து மீட்கலாம். வழக்கொழிந்த பெயரை மீட்க அத்தகைய அண்டைக்கல் இல்லை.